உங்க பரணில் எங்க பாட்டன்

போன வருசம் ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மனுசர். கண்டன அறிக்கை என்றால் யோசிக்காமல் கையெழுத்துப் போடுபவர், கூட்டங்களில் நமக்காகத் தொண்டை கிழியப் பேசுபவர். அவருடைய அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதற்காக அச்சடித்த வம்சாவளிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். வழுவழுப்பான தாள். ஆலமரப் படம் போட்டு ஒன்பது தலைமுறை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தார்கள், நவாபு காலத்தில் என்ன மானியம் வாங்கினார்கள், யார் யார் எந்தெந்தக் கிராமத்துக்குக் கர்ணம் பார்த்தார்கள், எல்லாம் இருந்தது. புரட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "உங்களுக்கு எத்தனை தலைமுறை தெரியும் தோழர்?"

"மூணு. அதுலயும் மூணாவது ஆளுக்குப் பேரு மட்டுந்தான்."

"அடடா" என்றார். அந்த 'அடடா'வில் வஞ்சகம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். "இப்பல்லாம் ஆவணம் நெறைய கெடைக்குது. நீங்களும் தேடணும். வாய்மொழியா மட்டும் இருந்தா நாளைக்கு எவன் ஒத்துக்குவான்?" என்றார்.

அந்தப் புத்தகத்தில் பதினாலாம் பக்கத்தில், அவர்கள் குடும்பம் பரம்பரையாகக் கர்ணம் பார்த்த ஊர்களின் பட்டியல் இருந்தது. அதில் எங்க ஊரும் இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது திறக்கிறேன்.

தேடாமல் இல்லை தோழர். நாங்க தேட ஆரம்பித்து இருபது வருசம் ஆகிறது. உங்களுக்கு அது விழா மலர். எங்களுக்கு அது ஒரு ஏக்கர் எழுபது சென்ட் நிலம்.

எங்க நைனாவுடைய தாத்தாவை நாங்க பாட்டன் என்போம். 1920களில் அவர் பேருக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் அது. பஞ்சமி நிலத்தின் கதை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குப் புதுசில்லை. செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணை, முதல் பத்து வருசம் யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதற்கப்புறமும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டும்தான் என்ற நிபந்தனை, 1994 அக்டோபர் 10இல் காரணை நிலத்துக்கான போராட்டத்தில் போலீஸ் சுட்டுச் செத்த ஜான் தாமசும் ஏழுமலையும். இதெல்லாம் நமக்குத் தெரியும். எங்க பாட்டன் நிலம் இன்றைக்கு ஆண்டை வீட்டுப் பேரப்பிள்ளைகள் பேரில் இருக்கிறது. பாதி, கல் நட்டு வீட்டுமனை ஆகிவிட்டது. தாலுகா ஆபீசில் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த ஆள்தான் உங்க தாத்தாவுக்கு அப்பா என்பதற்கு என்ன அத்தாட்சி?

ஆக, வம்சாவளி கேட்பது நீங்கள் மட்டும் இல்லை. சர்க்காரும் கேட்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, மேல்முறையீடு செய்து, பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலை வாங்கினோம். அதில் பாட்டன் பேர் இருந்தது. அதாவது, இருந்தது போல இருந்தது. எங்க நைனாவுக்கு அவருடைய தாத்தா பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். பேரன் என்றாலே பேரைச் சுமப்பவன்தானே. நைனா பேர் 'சாமி' என்று முடியும். பதிவேட்டில் இருப்பது 'ன்' என்று முடிகிறது. அப்பா பேர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கோடு.

அந்தக் காலத்துச் சேரிக்காரனுக்கு மூன்று பேர் இருந்தது. வீட்டில் வைத்த பேர் ஒன்று, கூப்பிட்ட பேர் ஒன்று, கணக்குப்பிள்ளை எழுதிய பேர் ஒன்று. சேரியில் முனுசாமி என்று வைத்தால் கணக்கில் முனியன். கோவிந்தசாமி என்றால் கோயிந்தன். நமக்குச் 'சாமி' ஆகாது, 'அர்' ஆகாது. நாக்கில் வராததைப் பேனாவிலும் வரவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த எங்க நைனாவுக்கு ஒரு நல்ல வாத்தியார் முழுப்பேரையும் எழுதினார். இன்றைக்கு ஆபீசில் அதுவே வினை. "அவரு வேற, இவரு வேற. பேரு ஒத்துப்போவல." பேரை வெட்டியது யார்? வெட்டிய பேர் ஒட்டவில்லை என்று இப்போது எங்க மனுவைத் தள்ளுவது யார்? ஒரே கை செய்கிற இரண்டு வேலை இது.

பாட்டன் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்க ஆயா வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பாதிப் பேரோடு இன்னொரு தடவை அவரை ஏன் காகிதத்தில் ஏற்ற வேண்டும்.

சாதிப் பேரிலும் ஒரு கூத்து. 1922இல் எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டசபையில் போராடி, பறையர், பஞ்சமர் என்ற பேர்களை எடுத்துவிட்டு ஆதி திராவிடர் என்று எழுத வைத்தார்கள். சரியான கோரிக்கை. ஆனால் அந்த வருசத்தில் ஆவணத்தில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது. அதற்கு முந்திய பதிவில் ஒரு பேர், பிந்திய சான்றிதழில் வேறொரு பேர். "ரெண்டும் ஒண்ணுதான்னு எத வச்சிச் சொல்றீங்க?" என்று ஒரு உதவியாளர் என்னைக் கேட்டார். எங்க தெரு வழியாகப் போகும்போது மட்டும் அவருக்கு அந்தச் சந்தேகம் வருவதில்லை.

1979இலிருந்து 1987 வரைக்கும் நடந்த யூ.டி.ஆர். பதிவில் இன்னொரு மாயம். எங்க நிலத்துக்கு நேராக இருந்த நிபந்தனைக் குறிப்பு புதுப் பதிவேட்டில் இல்லை. விற்க முடியாத நிலம் ஒரு நாளில் விற்கக்கூடிய நிலமாகிவிட்டது. எங்க ஊரில் மட்டுமா இது?

இப்போது ஆவணம், வாய்மொழி என்ற அந்தப் பஞ்சாயத்துக்கு வருவோம். வாய்மொழியை எவன் ஒத்துக்குவான் என்று கேட்டீர்கள். ஒத்துக்கொண்டீர்கள் தோழர். நன்றாகவே ஒத்துக்கொண்டீர்கள். இரண்டு ஊருக்கு எல்லைத் தகராறு வந்தால் யாரைக் கூப்பிட்டார்கள்? சேரியிலிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டுத் தலையில் குடத்தை வைத்து நடக்கவிட்டார்கள். அவர் நடந்த தடம்தான் எல்லை. இரண்டு ஊர் மிராசுதாரரும் வாயைப் பொத்திக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளில்கூட இது இருக்கிறது. சர்வே சங்கிலி வந்தபோது அதைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடந்தது வெட்டியான். எந்தக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். உங்க நிலத்துக்கு எங்க வாய் சாட்சி. எங்க நிலத்துக்கு மட்டும் எங்க வாய் வெறும் வாயா?

நம்மை எழுதாமல் விட்டார்கள் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் கல்வெட்டைப் பாருங்கள். வரி இல்லாத நிலங்களின் கணக்கில் ஊர்நத்தம், சுடுகாடு, குளம், வாய்க்கால், அவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. நிலத்தைக் கழிப்பதற்காக நம்மை எழுதியிருக்கிறான். ஆள் பேர் ஒன்று கிடையாது. அதே கோயிலில் ஆடவந்த நானூறு தளிச்சேரிப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பேர், ஊர், வீட்டு வரிசை எல்லாம் வெட்டியிருக்கிறது. பேர் எழுதத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.

வெள்ளைக்காரன் எழுதினான், ஆளை ஏற்றுமதி செய்தபோது. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரைக்கும் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கும் மேலான பேரை நேட்டாலுக்கு ஏற்றினார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண், பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் என்ன தழும்பு என்பதுவரை குறித்திருக்கிறது. ஆள் ஓடிப்போனால் பிடிக்கத்தான். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு டர்பனில் இருக்கிற கொள்ளுப்பேரன் இன்றைக்குச் செங்கல்பட்டு, வடாற்காடு ஜில்லாக்களில் தன் ஊரைக் கண்டுபிடிக்க முடிகிறது. ஊரைவிட்டுப் போகாத எங்களால் முடியவில்லை. கரும்பு வெட்டப் போனவனுக்கு அப்பா பேர் உண்டு. இங்கே நெல் அறுத்தவனுக்கு ஒரு கோடு.

பேப்பர் கேட்கிறவன் சும்மா கேட்பதில்லை என்பதற்கு இலங்கை மலையகம் ஒன்று போதும். 1948 குடியுரிமைச் சட்டத்தில் அப்பன், பாட்டன் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சீட்டு? லட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்தில் நாடில்லாதவர் ஆனார்கள். அதில் பெரும்பகுதி நம்ம சனங்கள்.

சரி, உறவுக்காரர்களைக் கேட்டால் என்ன என்பீர்கள். கேட்டேன். எங்க தாத்தாவின் கடைசித் தங்கச்சி இன்னும் இருக்கிறது. எண்பத்தெட்டு வயசு இருக்கும். நைனாவுக்கு அத்தை, எங்களுக்கு ஆயா. பாட்டனைக் கண்ணால் பார்த்த ஒரே உயிர். நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். நானும் படித்தவன்தானே, முதல் கேள்வியே, "பாட்டன் எந்த வருசம் செத்தாரு?"

"அத இன்னாத்துக்குடா இப்ப தோண்டுற? பூடுச்சி, வுடு."

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் இதே பதில். நான்காவது தடவை நோட்டை எடுத்துப்போகவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். அதுவாகவே ஆரம்பித்தது. வருசம் அதற்குத் தெரியாது. ஆனால் வரிசை தெரியும். "காந்திய சுட்டாங்களே, அப்ப உங்கொப்பன் வயித்துல. அதுக்கு முந்தன ஆடியில அவரு பூட்டாரு." அதாவது 1947 ஆடி. செத்த வீட்டில் யார் யார் வந்து எந்த முறையில் கட்டி அழுதார்கள், நீர்மாலை எடுத்தது யார், கருமாதிக்கு அரிசி கொண்டுவந்த சம்பந்தி எந்த ஊர், கோடித்துணி போடாமல் போன பங்காளி யார், எல்லாம் வரிசையாக வந்தது. நம்ம வீட்டுச் சாவு என்பது ஒரு பதிவேடு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒப்பாரி வைக்கிற பொம்பளைகள் முறை தப்பாமல் அழுகிறார்களே, அதற்கு முழு வம்சமும் மனப்பாடமாக இருந்தாக வேண்டும். பட்டாவில் ஒரு பெண் பேர்கூட இல்லாத சேரியின் கணக்கையெல்லாம் பெண்கள்தான் வைத்திருக்கிறார்கள்.

நிலம் போன கதையையும் அன்றைக்குத்தான் சொன்னது. இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. பாட்டன் விற்கவில்லை. ஒரு பஞ்சத்தில் ஆறு மூட்டை நெல்லுக்கு ஆண்டை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கைநாட்டு வைத்தார். எழுதியது கர்ணம். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டவில்லை. மறுவருசம் ஆண்டை ஏர் பூட்டிவிட்டான். கேட்கப் போன பெரிய பையனைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். தன் நிலத்திலேயே பாட்டன் கூலிக்கு நடவு சேறு அடித்தார். "அதப் போயி புள்ளைங்களுக்குச் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டது ஆயா. கீரைக்காம்பை முறத்தின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம் அன்றைக்கு எதுவும் பேசவில்லை.

அடி வாங்கிய அந்தப் பெரிய பையன், எங்க பெரிய தாத்தா, அதே மாசம் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கவயலுக்குப் போய்விட்டாராம். அந்தக் கிளையைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. கிடைத்தது எங்கே என்றால், எங்க நைனா கல்யாணத்து மொய் நோட்டில். 1971. எண்பது பக்க நோட்டு, பாதி பூச்சி அரித்தது. "சாம்பியன் ரீஃப், ரூ. 11" என்று ஒரு வரி. மற்றவர்களெல்லாம் ஒன்றும் இரண்டும் வைத்த காலத்தில் பதினோரு ரூபாய். மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன்னால் உங்க வீட்டு மொய் நோட்டைத் தேடுங்கள். பேர், ஊர், உறவின் கனம் என மூன்றும் ஒரே வரியில் நம்ம கையாலேயே எழுதியது வேறெங்கும் கிடைக்காது.

தங்கவயல் போனேன். சுரங்கம் 2001இலேயே மூடியாகிவிட்டது. சயனைடு மண்மேட்டுக்கு எதிரே லைன் வீடுகள். இரண்டு நாள் விசாரித்து ஒரு பெரியப்பாவைக் கண்டுபிடித்தேன். முகத்தைப் பார்த்ததும் எங்க நைனா மாதிரியே இருந்தார், அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். தகரப்பெட்டியைத் திறந்து அவங்க அப்பாவுடைய சுரங்கச் சர்வீஸ் பேப்பரைக் காட்டினார். அதில் அப்பா பேர், ஊர், தாலுகா, ஜில்லா. பாட்டன் பேர் முழுசாக, 'சாமி'யோடு. ஊரில் எழுத மறுத்ததை நானூறு மைல் தள்ளி... இல்லை, அத்தனை தூரமில்லை, ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். அந்தத் தூரத்தில் ஒரு கம்பெனிக் குமாஸ்தா, சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறான். கம்பெனிக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கைரேகைப் பதிவுக்கு எதிராக 1930இல் அந்தத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கைநாட்டில் நிலத்தைத் தொலைத்துவிட்டுப் போனவர்களுக்கு ரேகை என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்.

பெரியப்பா வீடு வேதத்துக்கு மாறிய வீடு. ஞானஸ்நானப் பதிவிலும் பாட்டன் பேர் இருக்கிறது. அதே பதிவைக் காட்டித்தான், 1950 ஜனாதிபதி ஆணைப்படி நீங்கள் பட்டியல் சாதி இல்லை என்று அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஒரே பாட்டன். ஒரு பேரன் பட்டியலில், இன்னொரு பேரன் பட்டியலுக்கு வெளியே. புளியமரத்தில் கட்டி அடித்தபோது இந்தப் பிரிவினை இல்லை.

நம்ம பிள்ளைகளிடமும் ஒரு சண்டை இருக்கிறது. இப்போது சில பேர் கிளம்பியிருக்கிறார்கள், நாமும் ஆண்ட பரம்பரைதான் என்று. போஸ்டரில் வாள், கிரீடம், சிங்கம். தம்பி, எந்த ராசாவாவது உனக்கு ஒரு ஏக்கர் எழுபது சென்ட்டை மீட்டுத் தருவானா? அயோத்திதாசர் தன் தாத்தா கந்தப்பன் திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் கொடுத்ததை எழுதினார். அவர் தாத்தா ராசா என்று எழுதவில்லை, பட்லராக வேலை பார்த்தார் என்றே எழுதினார். அதை எழுதுவதற்குத்தான் தைரியம் வேண்டும். உன் பாட்டன் கைநாட்டு வைத்த திண்ணை எது, எழுதியவன் யார், சாட்சி போட்டவன் யார் என்று கேள். அவன் பேரன்கள் இன்றைக்கும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். கிரீடம் வைத்தால் அவர்கள் சிரிப்பார்கள். திண்ணையைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். அதேபோல் சென்னையில் வீடு கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் பேரையே சொல்லாமல் வளர்க்கிற நம்ம உத்தியோகஸ்தர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அது இன்னொரு சமயம்.

சர்வீஸ் பேப்பர் நகல், மொய் நோட்டு, பள்ளிக்கூடப் பதிவு, ஆயாவின் ஆணையுறுதி, எல்லாம் சேர்த்து மனுக் கொடுத்தோம். ஆணையுறுதிக்கு ஆயாவை நோட்டரி முன்னால் உட்கார வைத்தோம். மைப்பெட்டியைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது. "இதுக்கு எத்தினி மரக்கா நெல்லுடா?" என்று கேட்டது. நோட்டரி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. எழுதியிருப்பதை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் விரலைக் கொடுத்தது.

இனி வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்து அடங்கல், கிராமக் கணக்கு இரண்டாம் நம்பர். எந்தப் பசலியில் சாகுபடிக்காரர் பேர் பாட்டனிலிருந்து ஆண்டைக்கு மாறியது, எந்தப் பேனா மாற்றியது என்று அதில் இருக்கும். தாலுகா ஆபீசில் இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தபோது எங்க ஊர்க் கணக்கில் ஒரு பகுதிதான் ஒப்படைக்கப்பட்டது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மிச்சம், சிவப்புத் துணியில் கட்டி, ஒரு வீட்டுப் பரணில் ஏறியது. வெட்டியான் தலையில் சுமந்துகொண்டுபோய் வாசலில் இறக்கிய கட்டு அது. சுமந்தவர் மகன் இன்னும் இருக்கிறார்.

உங்க ஒன்பது தலைமுறையும் எங்க மூன்றாவது தலைமுறையும் ஒரே கட்டில்தான் இருக்கிறது தோழர். உங்களுடையதை மட்டும் எடுத்து அச்சடித்திருக்கிறீர்கள்.

போன மாசம் அவருக்கு போன் செய்து, பதினாலாம் பக்கத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பழைய பேப்பர், கரையான் அரிச்சிருக்கும்" என்றார். அரித்தது போக இருக்கிறதைப் பார்க்கிறேன் என்றேன். "அப்பாவுக்கு வயசாச்சு, இந்த நேரத்துல இதெல்லாம் எடுத்தா..." என்றார். எங்க ஆயாவுக்கும் எண்பத்தெட்டு என்றேன். கடைசியில், பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்வோம், அப்போது பார்க்கிறேன் என்றிருக்கிறார். போகி அன்றைக்கு விடியற்காலையில் பழசை வாசலில் போட்டு எரிக்கிற வழக்கம் அவர்கள் வீட்டிலும் உண்டு. அதனால்தான் தை பிறக்கும்வரை காத்திருக்காமல் மார்கழியிலேயே இதை எழுதிக் கொடுக்கிறேன்.